லூக்கிச்சின் குலிக்

தினமும் காலையில் ஆற்றில் ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு, கரையோரமாக அதோடு கூடவே நடக்கிறார் வெனியமின் லூக்கிச். படகு எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். திவினா ஆற்றின் மேல் மூடுபனி படுத்திருக்கும். சுள்ளி போவதும் அவர் போவதும் தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும்.

"இன்னைக்காவது ஜெயிச்சீங்களா, லூக்கிச்?" என்பாள் கோவிலில் மெழுகுவர்த்தி விற்கும் கபித்தோலினா.

"சிரிக்காதே, கபா. தண்ணி எவ்வளவு வேகமா இழுக்குதுன்னு பாக்கறேன்."

ரஷ்ய உள்நாட்டுப் போரில் இந்த ஆற்றில் ஓடிய குலிக் என்ற சின்னப் பீரங்கிப் படகைப் பற்றித்தான் எந்நேரமும் அவர் பேச்சு. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு விறகு எரித்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். அதன் கொதிகலனுக்கு விறகு போட்டவர் அவருடைய தாத்தா தீஹோன். 1919 செப்டம்பர் ஆறாம் தேதி, இங்கிருந்து ஆற்றின் மேல்பக்கம், ஒரு சுள்ளி மிதந்து வர இரண்டு நாள் ஆகும் தூரத்தில், கண்ணிவெடியில் படகு மூழ்கியது. முந்தின நாள் ஆள்பட்டியலில் தீஹோன் பெயர் இருக்கிறது. அப்புறம் எங்கேயும் இல்லை. தன் அப்பா தீஹோனின் குழி எங்கே என்று தேடியே லூக்கிச்சின் அம்மா கண்ணை மூடினாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோவில் படியில் லூக்கிச் காளான் அப்பத்தைப் பிரித்தார். சுற்றியிருந்த தாளைக் கபித்தோலினா வாங்கிப் பார்த்தாள்.

"கோவில் ஏடு மாதிரி இருக்கே?"

"இந்தக் கோவிலோடதுதான். ஆவணக்காப்பகத்துல எடுத்த நகல். உதவாது. இடது கையில ரெண்டு விரல் இல்லாத மாலுமி ஒருத்தன் இங்க கரை ஒதுங்கியிருக்கான். தாத்தாவுக்கும் அப்படித்தான். ஆனா அவனை அடக்கம் பண்ணினது அந்த வருஷம் ஆகஸ்ட் இருபத்தாறு. அன்னைக்குக் குலிக் நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்தது."

அவள் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நத்தால்யா திருநாள்னு போட்டிருக்கே. என் தங்கச்சி பேரும் அதானே. அந்தத் திருநாளுக்கு வருஷா வருஷம் செப்டம்பர் எட்டுல அவ வீட்டுலதான் எனக்குச் சாப்பாடு."

"நாட்காட்டியை 1918லயே மாத்திட்டாங்க, கபா."

"நாட்டுல மாத்தினாங்க. கோவில்ல யாரு மாத்தினா? எங்க கணக்கு இன்னைக்கும் பதிமூணு நாள் பின்னாடிதான்."

லூக்கிச் மெல்லுவதை நிறுத்தினார். ஆறாம் தேதி. எட்டாம் தேதி. நடுவில் இரண்டு நாள். உதடு மட்டும் அசைந்தது.

"வடக்கு வேலி மூலையிலன்னு எழுதியிருக்கு," என்றாள் அவள் மெதுவாக.

வடக்கு மூலையில், பெயரில்லாத ஒரு கல்லறையைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி. பூசைக்கு வரும்போதெல்லாம் லூக்கிச் சைக்கிளைச் சாய்த்து வைப்பது அதில்தான். அன்றும் சாய்த்திருந்தார். போய், இரண்டு கையாலும் சைக்கிளைத் தூக்கி, சத்தமில்லாமல் புல்லில் படுக்க வைத்தார். பிறகு சட்டைக் கையை விரல்வரை இழுத்துக்கொண்டு, கம்பியில் சைக்கிள் கைப்பிடி உரசி உரசிப் பளபளத்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.