நாங்கள் மாற்றிய குரல்

ஒவ்வொரு ஞாயிறும் நானும் என் கூட்டாளியும் நாட்டைத் திருத்துவோம். பதுளை டவுனில் ஒரு புடைவைக் கடையின் மாடியறை, சுவரெல்லாம் பழைய மெத்தை, நடுவே ஒரு மைக். பத்திரிகை எழுதாததை, டீவி சொல்லாததைப் பேசுகிற 'அஞ்சாத' அரசியல் பாட்காஸ்ட் என்று முகப்பில் நாங்களே போட்டிருந்தோம். இருவரும் அரசாங்கப் பள்ளி ஆசிரியர்கள், அதனால் எங்கள் பெயரை மட்டும் போடவில்லை.

கொழும்பிலும் கனடாவிலும் இருந்து "அருமை தோழர்" என்று எழுதுவார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில்தான் ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தானாகவே போனில் கோல் எடுத்தார். அங்கே தொழிற்சங்கத் தலைவர் தெரிவு வரப்போகிறதாம். கோயில் முன்னால் கூட்டம் கூடி, கைதூக்கித் தெரிவு செய்வார்கள். எப்போதும் ஓர் ஆம்பளைதான் தலைவர். இந்த முறை இவர் போட்டிக்கு நிற்கிறார்.

"கூட்டத்துல என்னைப் பேச விடமாட்டாங்க தம்பி. ஒங்ககிட்ட வந்து பேசுறேன், எல்லாரும் கேக்கட்டும்."

லீவு போட்டு, பஸ் ஏறி வந்தார். பேசினார் பாருங்கள்! லயத்து வீடுகளுக்கான தண்ணீர்ப் பீலி வறண்டு கிடப்பதை, குழாய் போடுகிறோம் என்று வந்து படமெடுத்துக்கொண்டு போன அரசியல்வாதிகளை, தோட்டத்தை நடத்தும் துரையின் சாக்குப்போக்கை, ஒன்றையும் விடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவர் போனதும் கூட்டாளிக்கு வியர்த்தது. "அந்தக்காவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

தகவல் தந்தவரைப் பாதுகாக்க வேண்டுமல்லவா! கணினியில் ஒரு பொத்தானை அமுக்கி அவர் குரலைக் கம்பீரமான ஆண்குரலாக்கினோம். பெண் என்று காட்டிக்கொடுக்கும் வரிகளை வெட்டினோம். 'தோட்டத் தொழிலாளர் ஒருவர்' என்று அறிமுகம் செய்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

ஞாயிறு பின்னேரம் அக்கா தன் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் லயத்து ஆட்களையெல்லாம் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். ஆம்பளை பேசியிருக்கிறான். முடிந்ததும், மறுபடியும் போட்டிக்கு நிற்கிற பழைய தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டாராம்.

"நாந்தான் பதுளைக்குப் போயி பேசிட்டு வந்தேன். வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க, அதான்."

கைதட்டல். இல்லை, பேசியது நான்தான் என்று அக்கா எழுந்திருக்கிறார். "ஏங்க்கா, தொண்டை எப்ப கட்டுச்சு?" என்று யாரோ கேட்க, லயமே சிரித்திருக்கிறது.

தெரிவுக்கு ஆறு நாள் இருந்தது. "நான் பேசுனதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி," என்று அக்கா கெஞ்சினார். நாங்கள் இரண்டு மணி நேரம் ஆராய்ந்தோம். தப்பை ஒத்துக்கொண்டால் நம் நம்பகத்தன்மை என்னாவது, அவருடைய அசல் குரல் எந்த அதிகாரி காதில் விழும், நம்மை யார் தோண்டுவார்கள்? பொறுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

பொறுத்தோம். பழைய தலைவரே மறுபடியும் தலைவராக வந்தார். இன்னொரு முறை கூப்பிட்டாலும் பேச வருவதாக எங்களுக்குச் செய்தியும் அனுப்பினார், வெட்கங்கெட்ட மனிதர்! அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அக்காவுக்கு நானே கோல் எடுத்தேன். "ஒங்களுக்கு ஒன்னும் ஆகிறக்கூடாதுன்னு பயந்துதான்க்கா..." என்று இழுத்தேன்.

"எனக்குப் பயமில்லேன்னு காட்டத்தானே தம்பி அவ்வளவு தூரம் வந்தேன்," என்றார்.