பயம் போய்விட்டது என்று சொன்ன வெள்ளிக்கிழமை

காலை பத்தரை மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதக் கூடாது. ஆறுக்கு ஊதும், இரண்டுக்கு ஊதும், ராத்திரி பத்துக்கு ஊதும். ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம். நடுவில் ஊதினால் உள்ளே யாருக்கோ அடிபட்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகளில், எங்கள் காலனிப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று பத்தரைக்குச் சங்கு ஊதியபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் பிரஸ் மிஷினில் இருந்தார். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டு, காலால் பெடலை மிதிக்க வேண்டும். கையை எடுக்கும் முன்பே கால் மிதித்துவிட்டால் தகட்டோடு விரலும் போகும். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் கழனி வேலைதான் செய்துகொண்டிருந்தோம். கழனியில் பாம்பைக் கண்டால்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் எனக்குச் சோறு இறங்காது. திரும்பி வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டேன், விரல்களைத்தான் பார்ப்பேன்.

இதை எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லி அழுதேன். பெண்கள் சுற்றி முழங்கால் போட்டு, என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அடுத்த வாரம், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்கடுத்த வாரமும் கேட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வரும் முன்பே, வந்துவிட்டது என்று விசுவாசத்தோடு எழுந்து சாட்சி சொல்வது. எத்தனை வாரந்தான் ஜனங்களை எனக்காக முழங்காலில் நிறுத்துவது என்ற வெட்கத்தில், நாலாவது வாரம் எழுந்து சொல்லிவிட்டேன், ஆண்டவர் என் பயத்தை எடுத்துப்போட்டார் என்று. எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். பயம் எங்கேயும் போயிருக்கவில்லை. அந்தப் புத்திகெட்ட வேலைக்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாளில்தான் அந்தச் சங்கு. தெருவே கம்பெனி கேட்டுக்கு ஓடியது. நானும் வாசல்வரை ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காவும் எங்கள் ஜெபக்கூட்டம்தான், அவள் புருஷனும் அதே கம்பெனிதான்; செருப்புகூடப் போடாமல் ஓடியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இரும்மா. உனுக்குத்தான் பயமே கெடயாதே. எங்களுக்காக ஜெபம் பண்ணு."

கிண்டல் இல்லை, நம்பித்தான் சொன்னாள். நான் நின்றுவிட்டேன். ஓடினால் ஆண்டவர் பேரில் சொன்ன சாட்சி பொய்யாகிவிடுமே. கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். அவர் கை, அவர் கை என்பதைத் தவிர வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். அவருடையது இல்லை. பக்கத்து மிஷின்காரருக்கு இரண்டு விரல் போய்விட்டதாம், தூக்கி வேனில் ஏற்றியது இவராம். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேட்டாண்ட எல்லாப் பொம்பளைங்களும் வந்துருந்தாங்க. உன்னத் தேடுனேன்."

பயம் போச்சு என்று சொல்லிவிட்டதால் வரமுடியவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

"எனுக்கு டெய்லி பயந்தான்" என்றார். "பெடல மிதிக்கசொல்ல கால் நடுங்கும். உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன். நீ சாட்சி சொல்லிட்ட. அப்பறம் நான் யாராண்ட போய்ச் சொல்றது?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆண்டவரை மகிமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரைத் தனியாக விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போட்டோம். ஜோடித்த வார்த்தை எதுவும் இல்லை. ஆண்டவரே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது, நீர் கூடவே இரும். அவ்வளவுதான். பயம் போய்விடவில்லை. ஆனால் அதைத் தூக்க இப்போது மூன்று பேர் இருந்தோம்.

அவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. மகன் இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். வீடு திரும்ப ஐந்து நிமிடம் தாமதமானால் மருமகள் அவனுக்குப் போன் போட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிடுகிறாள். கெட்டிக்காரி. எனக்கு அதைக் கூட்டத்தில் சொல்ல, அந்தச் சங்கு ஊதியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைவரை ஆயிற்று.

அன்று கூட்டத்தில் எழுந்து, நான் சொன்ன சாட்சி பொய், பயம் அப்படியே இருக்கிறது, அதோடுதான் ஜெபிக்கிறேன் என்றேன். திட்டப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா எழுந்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன நான் சொன்ன சாட்சியும் பொய்தாம்மா" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.