உள்ளூர் ஆட்டக்காரனுக்கு ரூம் கிடையாது

1. கேட் கார்டு

தேசிங்கு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றபோது நான் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு ஃபோன் போட்டு ஏசி ரூம் கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கல் டோர்னமென்ட்டுக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு கெஸ்ட் பிளேயர்கள் வர இருந்தார்கள். நான் ஃபோனை வைக்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு கேட் கார்டையும், துவைத்து மடித்த நாலாம் நம்பர் ஜெர்சியையும் மேஜைமேல் வைத்தான்.

"மெட்ராஸ்ல பேங்க் டீம்ல எடுத்துட்டாங்க சார். திங்கக்கெழம சேரணும்."

எங்களுடையது மூலக்குளம் பக்கம் பம்ப் செட் செய்யும் கம்பெனி. நான் வெல்ஃபேர் அசிஸ்டன்ட். கேன்டீன், யூனிஃபார்ம், ஆயுத பூஜைப் பொரி எல்லாம் என் தலையில். கூடைப்பந்து டீம் மேனேஜர் வேலையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தேசிங்கு டீமின் கேப்டன். கம்பெனிக் கணக்கில் அவன் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு கேஷுவல், தினக்கூலி, அவ்வளவுதான். பர்மனன்ட் ஆள் ஒருவர் போனால் செட்டில்மென்ட், மாலை, குரூப் போட்டோ என்று ஏகப்பட்ட சடங்கு உண்டு. கேஷுவல் ஆள் கார்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டைத் தாண்டினால் முடிந்தது.

"டோர்னமென்ட் முடிச்சுட்டுப் போயேம்பா" என்றேன்.

"இந்த வருஷம் விட்டா ஏஜ் பாராயிடும் சார். இனிமே எவனும் கூப்புட மாட்டான்."

நான் கார்டை வாங்கி டிராயரில் போட்டேன்.

2. நம்ம புள்ள

கெஸ்ட் பிளேயர் என்றால் என்னவென்று இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். டோர்னமென்ட் நடக்கும் நாட்களுக்கு மட்டும் வெளியூர் ஆட்டக்காரர்களை அழைத்து வந்து நம் ஜெர்சியை மாட்டிவிடுவோம். அவர்களுக்கு ஓட்டல் ரூம், பிரியாணி, கடைசி நாள் மேடையில் சால்வை. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களை அழைத்து வருவது யார் என்று நினைக்கிறீர்கள்? தேசிங்குதான். என்னுடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கெஸ்ட்டைப் பின்னால் உட்கார வைத்து, பையை முன்னால் வைத்துக்கொண்டு கொண்டுபோய் ஓட்டலில் விடுவான். அப்புறம் ஷிஃப்டுக்கு வந்து அட்டைப் பெட்டி கட்டுவான். சாயங்காலம் மேட்ச்.

மேட்சில் ஷாட் அடிப்பவர்கள் கெஸ்ட்டுகள். அவர்களுக்காக எதிராளியை மறித்து ஸ்கிரீன் போடுவதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுக்கு ஏறி முழங்கையில் இடி வாங்குவதும், வெளியே போகும் பந்துக்குச் சிமென்ட் தரையில் விழுந்து புரள்வதும் இவன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய் ஒருவர், ஊர் வழக்கில் சொல்தா, தினமும் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு, "அலே, அலே" என்று பிரெஞ்சில் உசுப்பேற்றிக் கத்துவார். கூட்டத்தில் தேசிங்கு பெயரைச் சொல்லிக் கத்திய ஒரே ஆள் அவர்தான். பேப்பரில் கெஸ்ட் படம் வரும். முழங்கால் தோல் போனவன் கருவடிக்குப்பம் வீட்டுக்குச் சைக்கிளில் போவான். அவன் அம்மா மீன் விற்றுவிட்டு வந்து மஞ்சள் அரைத்துப் போடுவார்.

ரயில்வே டீம்காரர்கள் அவனை இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். மாட்டேன் என்றான். ஏனடா என்று கேட்டேன்.

"நான் போனா டீம மூடிடுவாங்க சார். டீம்ல இருக்கறதாலதான் நம்ம பசங்கள கேஷுவல்லயாவது வச்சிருக்காங்க. அவனுங்க வேல போச்சுன்னா எங்க போவானுங்க?"

இதை அப்படியே ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். அவனையாவது பர்மனன்ட் ஆக்குங்கள் என்று கேட்டேன். ஜி.எம். சிரித்தார்.

"அவன் எங்கய்யா போவப்போறான்? நம்ம புள்ளய்யா அவன்."

கெஸ்ட் கோபித்துக்கொண்டால் ஜி.எம்.மே காரில் ஓட்டலுக்குப் போய்ச் சமாதானம் செய்வார். நம்ம புள்ள கோபித்துக்கொள்ள மாட்டான் அல்லவா, அதனால் அவனுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அவன் போன பிறகு கேன்டீனில் பேசியதைக் கேட்க வேண்டுமே. "வளத்துவுட்ட கம்பெனிக்கே டாட்டா காட்டிட்டான் பாரு" என்றார் ஒரு சூப்பர்வைசர். யார் யாரை வளர்த்தார்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள், முதல் ரவுண்டிலேயே தோற்றோம். சால்வை மட்டும் தவறாமல் போர்த்தினோம்.

3. கெஸ்ட்

அடுத்த வருடம் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "தேசிங்கக் கேட்டுப் பாருய்யா. கெஸ்ட்டா வருவானா?"

கேட்டேன். ஃபோனிலேயே சொன்னான்.

"வரேன் சார். கெஸ்ட்டுக்கு என்னென்ன செய்வீங்களோ அதெல்லாம் எனக்கும் செய்யணும். ஒண்ணும் கொறையக் கூடாது."

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டான், பையை என்னிடம் நீட்டினான். முன்னால் வைத்துக்கொண்டு ஓட்டினேன். வீட்டில் இறக்கிவிடவா என்றதற்கு, "ரூமுக்குப் போங்க சார்" என்றான். ஓட்டல் ரூமில் ஏசியைப் போட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான்.

"இத்தன வருஷமா இவனுங்கள இங்க கொண்டாந்து வுட்டேன். உள்ள எப்டி இருக்கும்னு இப்பதான் சார் பாக்கறேன்."

பிரியாணி எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மேட்சுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஜி.எம். "மண்ணின் மைந்தன்" என்றெல்லாம் பேசினார். ஆட்டம் தொடங்கியது. கையில் பந்து வந்தால் தேசிங்கு அழகாக ஷாட் போட்டான், நன்றாகவே விழுந்தது. ஆனால் ரீபவுண்டுக்கு ஏறவில்லை. லூஸ் பால் ஒன்று அவன் காலைத் தாண்டி உருண்டு கோட்டுக்கு வெளியே போவதை நின்று பார்த்தான். எதிரணி ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடும்போது நடந்து திரும்பி வந்தான். சொல்தா நாற்காலியை மடக்கிக்கொண்டு பாதியிலேயே எழுந்து போனார். நாங்கள் தோற்றோம்.

ஜி.எம். என்னிடம் திரும்பினார். "என்னய்யா இது? நம்ம புள்ள இப்டி ஆடுறான்?"

"கெஸ்ட்டுங்க எப்பவும் இப்டித்தான் சார் ஆடுவாங்க. கீழ வுழுந்து பொறுக்கறதுக்கு முன்னாடி அவன் இருந்தான், அதான் நமக்குத் தெரியல."

ஜி.எம். மேடைக்குப் போய் அவனுக்குச் சால்வை போர்த்தினார். தேசிங்கு மற்ற கெஸ்ட்டுகளைப் போலவே கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த வருடத்தோடு டீமை மூடினார்கள். அவன் பயந்தபடியே மற்ற பையன்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கார்டுகளை வாங்கி டிராயரில் போட்டது நான்தான்.

டீம் நடத்தப்போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒருவன் போகாமல் இருக்கிறான் என்றால் அவனுக்குப் போக இடமில்லை என்று அர்த்தமில்லை. அவன் உங்களிடம் இருக்கும்போதே அந்த ரூமை அவனுக்கும் திறந்து விடுங்கள்.