ஏழுமலையின் பெட்டியோடு கச்சிராயபாளையத்துக்கு

காலை ஆறு மணிக்கு உளுந்தூர்பேட்டையிலேயே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சேலம் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். கச்சிராயபாளையத்துக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குமேல். ஏழுமலையின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஏழுமலையும் நானும் வளைகுடாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஃபிட்டர்கள். அங்கே ஓர் இரும்பு ரயில் உண்டு. மேடேறி, சரிந்து, செங்குத்தான வளையத்தில் ஆட்களைத் தலைகீழாகச் சுற்றிக் கொண்டுவரும். அந்த மாடலைச் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் கிடைக்கவில்லை, பிரிக்கச் சொன்னார்கள். பிரிக்கும்போது வளையத்தின் உச்சியிலிருந்து ஏழுமலை விழுந்தான். அங்கேயே அடக்கம். வீட்டுக்குத் தந்தி மட்டும் போயிருந்தது.

பத்தரை மணிக்கு எலவனாசூர்கோட்டை. குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கோடாலியோடு நின்றவர் என்னை மறித்தார்.

“எங்க போற?”

“சாவு வீட்டுக்குங்க. செத்தவனோட பெட்டி இது.”

அவர் பெட்டியை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார். தன் சைக்கிளையும் தூக்கி வைத்தார். “குந்து. கள்ளக்குறிச்சி வரிக்கும் உட்டுட்டு வரேன்.”

இருபத்தைந்து கிலோமீட்டர். வழியில் மரம் கிடந்த இடத்திலெல்லாம் இருவரும் சைக்கிளைத் தூக்கிக் கடந்தோம்.

அங்கிருந்து கரும்பு வண்டி. கச்சிராயபாளையம் சேரும்போது மாலை ஐந்தரை. கல்வராயன் மலை கறுத்துக்கொண்டிருந்தது. கூலி வேலை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தாள் ஏழுமலையின் மனைவி அஞ்சலை. பெட்டியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“ரயில்ல வேலைன்னுதான் எழுதுவாரு. அதுலேர்ந்து எப்பிடிண்ணே வுழுந்தாரு?”

மண்ணில் குச்சியால் வளையத்தை வரைந்து காட்டினேன்.

“தலகீழா போனா ஜனங்க வுழமாட்டாங்களா?”

“அவன் பாத்துக்கிட்ட அஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட விழலம்மா.”

பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னேன். “அன்னிக்கு மேல ஏற வேண்டியவன் நான். காய்ச்சல்னு படுத்துட்டேன். எனக்குப் பதிலா அவன் ஏறினான்.”

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இப்ப ஒடம்பு தேவலையாண்ணே?”

“தேவலைம்மா” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அவள் ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டு, அத்தோடு முடிந்தது என்று வந்திருப்பேன்.