முகத்துக்குக் கீழே பெயர்

பெயரை முகத்தோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது, திரேஸ்புரத்தில் ஒரு சுவருக்கு முன்னால் அந்த அக்கா என்னை மறித்த காலையில்தான். பசை காயாத நினைவஞ்சலிப் போஸ்டர். வள்ளம் கவிழ்ந்து கடலில் செத்துப்போன அண்ணன், தம்பி படங்கள் பக்கத்தில் பக்கத்தில். அக்கா, அண்ணனின் மனைவி. "ஏளா, எங்க வீட்டுக்காரரு மூஞ்சிக்குக் கீழ கொழுந்தன் பேரு கெடக்கு. ஒங்க கடையிலதான அடிச்சது?" என்றாள்.

எங்கள் கடைதான். அப்போது நான் அங்கே டிசைனர். ஆனால் இதை அடித்தவர் ஓனர் அண்ணாச்சி. பார்த்ததுமே புரிந்துவிட்டது. எந்தப் பெயரையும் படத்துக்கு நேரே கொண்டுவர அவர் ஸ்பேஸ் பாரைத்தான் தட்டுவார். தட்டித் தட்டி முதல் பெயரை நகர்த்துவார். இன்னும் தட்டி அதே வரியில் இரண்டாவது பெயர். திரையில் கச்சிதமாக இருக்கும். கடைசி நேரத்தில் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். எழுத்தோடு அந்த வெற்றிடமும் பெருத்து, முதல் பெயர் வலப்பக்கப் படத்துக்குக் கீழே போய்விட்டது. இடமில்லாத இரண்டாவது பெயர் அடுத்த வரியில், இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பெட்டி போடுங்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! "யூடியூப்பப் பாத்துட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்கா" என்று சிரிப்பார்.

அக்காவைக் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓனர் சொன்னது இன்றும் எரிகிறது. "ரெண்டும் ஒரே வீட்டு ஆளுதானளா? சரியான பேர அடிச்சு மேல ஒட்டிவிடு. சாவுப் போஸ்டர எவன் நின்னு படிக்கான்?"

"எங்க வீட்டுக்காரருக்காவது கல்லறை இருக்கு, அண்ணாச்சி. கொழுந்தன் ஒடம்பு கெடைக்கவே இல்ல. அவன் மூஞ்சியும் பேரும் சேந்து இருக்கது அந்தச் செவுத்துல மட்டுந்தான். அதையும் மாத்திட்டியளே."

செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டீ குடிக்கியளாம்மா?" என்றார்.

ஒட்டிய சீட்டு வெயிலில் சுருண்டு உரிந்தது. அன்று மாலை, முப்பதாம் நாள் பூசைக்குப் போனவர்கள் கண்முன் மறுபடியும் அதே தவறு. அந்த வாரமே வேலையை விட்டேன்.

இப்போது ஓராண்டு நினைவு வருகிறது. படங்களை அக்கா என்னிடமே தந்துவிட்டாள். என்னிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர்தான், ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் அதன் பெயரையும் ஒரே கட்டாகக் குழுவாக்கிப் பூட்டியிருக்கிறேன். தாளின் அளவை மாற்றிப் பார்த்தேன், எழுத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். தம்பியின் பெயர் தம்பியை விட்டு ஓர் இம்மிகூட நகரவில்லை. என் கோபமும்தான்.

நாளை ஒரு பிரதி மட்டும் அடித்து அக்காவிடம் காட்டுவேன். அவள் சரி என்றால் மற்றவை. திரேஸ்புரம் சுவர்கள் அப்புறம். முதல் போஸ்டர் ஓனர் அண்ணாச்சி கடைக்கு எதிர்ச் சுவரில். நான்தான் ஒட்டப் போகிறேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அக்காவும் வருகிறாளாம்.