அவளோடு பாதி பார்த்த படம்

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க மாட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி தொலைக்காட்சியில் போடுகிறார்கள். “காவியம்” என்று அறிவிப்பாளர் இழுக்கும்போதே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். “இவ்வளவு சினிமாப் பைத்தியம் நீங்க, அதைப் போய்ப் பாக்கலையா?” என்று என் மகள் வாயைப் பிளப்பாள். அழுகைப் படம், சண்டைப் படம், சாமிப் படம் எதையும் விட்டுவைத்தவள் இல்லை நான். அந்த ஒன்று மட்டும் வேண்டாம். என் வீட்டுக்காரர் அதை யாரோடு உட்கார்ந்து பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

ரெம்பாவ் பக்கத்திலிருந்து நான் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மலாயாவில் கம்யூனிஸ்ட் கலகம் நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடியும்வரை போக்குவரத்து கிடையாது. பூட்டிய பிறகு வெளியே அகப்பட்டுக்கொண்டால் சுட்டுப் போட்டாலும் கேட்க நாதியில்லை.

அந்தக் கெடுபிடியிலும் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரி ஆட்களை ஏற்றிக்கொண்டு சிரம்பான் டவுனுக்குப் படம் காட்டப் போகும். மதியக் காட்சிதான். அந்தக் காலத்துப் படங்கள் லேசில் முடியுமா? பாட்டுக்கு மேல் பாட்டு. கதை சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து லோரி டிரைவர் கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு, “எல்லாம் எந்திரிங்க! கேட்டப் பூட்டிருவான்லா!” என்று கத்துவார். கதாநாயகி விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் சரி, எழுந்து ஓட வேண்டியதுதான். ஆகவே எங்கள் தோட்டத்தில் எந்தப் படத்துக்கும் முடிவு கிடையாது. மறுநாள் பால்மரக் காட்டில் ஆளாளுக்கு ஒரு முடிவு கட்டுவார்கள். மேல் லயத்தில் கதாநாயகி செத்துப்போவாள். கீழ் லயத்தில் அவளுக்கே கல்யாணம் நடக்கும். இதற்காக ஒருமுறை கைகலப்பே நடந்திருக்கிறது.

அந்தப் படத்துக்கு லோரி போனது என் கல்யாணத்துக்கு முன்னால். இவர் போனார், இவருடைய அம்மா போனார், கூடவே விருந்துக்கு வந்திருந்த இவருடைய மாமன் மகளும் போனாள். இருவருக்கும் முடிச்சுப் போடுவதென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். பிறகு அவளுடைய அப்பா, “கம்பிவேலிக்குள்ள எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்” என்று ஒரே பிடியாக நின்று, போர்டிக்சன் பட்டாள முகாமில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இதையெல்லாம் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது தெரிந்துகொண்டேன். “உன் வீட்டுக்காரரு அன்னைக்குத் திரையையா பாத்தாரு?” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதி நிறைந்த குடத்தோடு நடையைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் பாலெடுக்க மரம் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே அந்தப் படத்துப் பாட்டை முணுமுணுப்பார். வேறு பாட்டே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் வந்தாள். எடுப்பான மூக்கு, டவுன் சேலை, காலில் குதிகால் செருப்பு. என் கையில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத ரப்பர் நாற்றம். “நல்லா இருக்கியா தங்கச்சி?” என்று அந்தக் கையைத்தான் பிடித்தாள். நல்லவள் வேறு. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்காவது ஒரு குறை வைத்திருக்கக் கூடாதா?

பிறகு எங்கள் பக்கம் ஊரடங்கை எடுத்தார்கள். கேட் இரவிலும் திறந்து கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து அந்தப் படம் மறுபடி சிரம்பானுக்கு வந்தது. இவர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“கிளம்பு புள்ள. கடைசியில என்னா ஆச்சுன்னு பாத்துட்டு வந்துருவோம்.”

“முன்பாதிய அவளோட பாத்துட்டு, மிச்சத்துக்கு நானா? மிச்சம் மீதிக்குன்னே என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் விறகு பிளந்தார். தனியாகப் போகட்டுமே என்றுதான் இருந்தேன். போகவில்லை. அதுவும் எனக்குக் கோபம். அவள் பக்கத்தில் இல்லாமல் பார்க்க மனசு வரவில்லையோ?

அதன் பிறகு எத்தனையோ படங்களுக்குச் சேர்ந்து போனோம். கச்சான் கடலை வாங்கிக் கொடுத்து, நான் அழுதால் துண்டை நீட்டுவார். அந்தப் படத்தின் பேரை மட்டும் இரண்டு பேரும் எடுத்ததில்லை. இவர் என்னை ஆசைப்பட்டுத்தான் வைத்திருந்தாரா, அவள் கிடைக்காத குறைக்கு வைத்திருந்தாரா? கேட்க வாய் வராமலே காலம் ஓடிவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு அவள் வந்தாள். தலை நரைத்திருந்தும் அந்த மூக்கு அப்படியே இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“தங்கச்சி, மச்சான் அந்தப் படத்தக் கடைசி வரைக்கும் பாக்கவே இல்லையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“படம் திரும்ப வந்தப்ப நான் எங்க வீட்டுக்காரரோட போயிப் பாத்துட்டேன். ஒரு திருவிழாவுல மச்சான்கிட்ட முடிவச் சொல்ல வாயெடுத்தேன். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. ‘சொல்லிராத. அவளோட போயித்தான் பாப்பேன். அவ இல்லாம எனக்கு எந்தப் படமும் வேணாம்’னாரு. அப்புறம் எப்பக் கண்டாலும் கேப்பேன், பாத்தாச்சா மச்சான்னு. ‘இன்னும் அவ கோவம் தீரல’ம்பாரு. சிரிப்பாரு.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்னை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். அவ இல்லாம எனக்கு எந்தப் படமும் வேணாம். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்துக் கிடந்தேனே, ஒரு தடவை என் காதில் அதைச் சொன்னாரா அந்த மனுஷன்? அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.