அக்காவின் பித்தப்பையும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளும்

கடந்த மாசியில் நான் யாழ்ப்பாணம் போனது கோயிலுக்கோ கடற்கரைக்கோ அல்ல. சாவகச்சேரியில் தனியாக இருக்கும் என் அக்காவைச் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிவரப் போனேன். பித்தப்பையில் கல். இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று வைத்தியர் சொன்ன பிறகும் அக்கா சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளூரப் பயம். என் குடலிறக்கத்துக்கும் கொழும்பில் நாள் குறித்திருந்ததால் இரண்டையும் ஒரே ஆஸ்பத்திரியில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

காலை ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். சாவகச்சேரியிலேயே இறங்கலாம். வீட்டுக்குள் போனதும் பேச்சைத் தொடங்கினேன்.

“கொழும்பிலை என்னை ஆர் தம்பி பாக்க வாறது? நீயும் வேலைக்குப் போயிடுவாய். நான் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கவோ?” என்றார் அக்கா. “யாழ்ப்பாணத்திலை எண்டால் நாளைக்கே வாறன்.”

கொழும்புதான் என்று நானும் கனடாவிலிருக்கும் அவர் பிள்ளைகளும் ஒரே பிடியாக நின்றிருந்தோம். ஏன் வேண்டாம் என்று அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

சரி, யாழ்ப்பாணத்திலேயே செய்வோம் என்று ஒத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஓட்டோ பிடித்தோம். யாழ் நகருக்கு 16 கிலோமீற்றர், 2,000 ரூபாய். பஸ்ஸில் மிகவும் மலிவு. எந்தத் தனியார் ஆஸ்பத்திரி நல்லது என்று ஓட்டோக்காரரிடம் கேட்டேன்.

“எல்லாத்திலையும் அதே டொக்டர்மார்தான் அண்ணை. பகலிலை அரசாங்கப் பெரியாஸ்பத்திரி, பின்னேரம் பிரைவேட். வாகனம் விட இடமிருக்கிறதாப் பாத்துப் போங்கோ.”

உண்மைதான். இறங்கிய தெருவில் ஆஸ்பத்திரிப் பலகைகளில் எல்லாம் ஒரே வைத்தியர்களின் பெயர்கள். இடையிடையே மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனை நிலையம், சூப் கடை, தங்கும் அறை. கிளிநொச்சி, மன்னார் ஆட்களும் நின்றார்கள். முன்பு கொழும்பு பஸ்ஸில் ஏறிப்போன காசு இப்போது இந்தத் தெருவிலேயே இறங்குகிறது.

அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அக்காவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாலையில் உரும்பிராயிலிருந்து ஒரு வான் நிறையச் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள். கையில் அப்பிள், தோடம்பழம், பால்மா டின். மறுநாளும் ஒரு கூட்டம். அக்கா கட்டிலை விட்டு எழும்பிப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றத் தொடங்கிவிட்டார்.

தாதி ஓடிவந்தார். “அம்மா, படுங்கோ! தையல் விட்டிடும்!”

“வந்த சனத்துக்குத் தேத்தண்ணி குடுக்காமல் விடுறதோ, பிள்ளை?”

தாதி என்னிடம் திரும்பினார். “வருத்தக்காரர் ஒராள், பாக்க வாறவை இருவது பேர். வாறவை இருக்கக் கதிரை இல்லாத ஆஸ்பத்திரிக்கு இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம்.” ஆஸ்பத்திரி தேடியபோது எனக்கு இயந்திரங்கள்தான் கண்ணில் பட்டிருந்தன, கதிரைகள் அல்ல.

சிகிச்சைக்காகப் போகிறவர்கள் வைத்தியரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நேரம் பின்னேரமாகத்தான் கிடைக்கும். பழைய அறிக்கைகளை மறக்காதீர்கள். தேநீர்ப் போத்தல் பெரிதாக இருக்கட்டும், ஆனால் நோயாளிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொழும்பில் என் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. திரும்பியதும் என் குடலிறக்கத்துக்குக் குறித்த நாளை ரத்துச் செய்துவிட்டு, நானும் யாழ்ப்பாணத்திலேயே செய்துகொள்கிறேன் என்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஓம், வா,” என்றார். “கதிரைக்கு இப்பவே சொல்லி வைக்கிறன்.”